ஃப்ரிட்ஜுக்குள் 18, பீருக்குள் 22: வீட்டு பீரும் நொதிக்கும் வெப்பநிலையும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. பழைய ஃப்ரிட்ஜ் வாங்கியாகிவிட்டது, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் மாட்டியாகிவிட்டது. இரண்டு வாரமும் திரையில் 18 டிகிரி என்றே காட்டியது. ஆனால் பாட்டிலைத் திறந்தால் நகப்பூச்சு வாடை அடிக்கிறது, இல்லையென்றால் வெண்ணெய் வாடை. ஈஸ்ட் மட்டம், மால்ட் பழசு, தண்ணீர் சரியில்லை என்று பழி ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே போகும். பெரும்பாலும் குற்றவாளி இவற்றில் எதுவும் இல்லை. திரையில் தெரிந்த 18 என்பது ஃப்ரிட்ஜுக்குள் இருந்த காற்றின் வெப்பநிலை. பீர் அப்போது 22-ல் இருந்திருக்கும்.

அந்த நான்கு டிகிரி எங்கிருந்து வருகிறது, அது ருசியை ஏன் கெடுக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம். எல்லா எண்களும் செல்சியஸில்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டு பீருக்கு வழிவிட்டது. மாநிலச் சட்டங்கள் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறின. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல் அனுமதித்தன. பிரிட்டனில் 1963 முதலே உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று வரம்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இது அனுமதி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கானது. மற்றவர்கள் அறிவியலாகப் படித்துக்கொள்ளலாம்.

## ஈஸ்ட் ஏன் சூடாகிறது

மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் கிடப்பதும், சித்திரையில் மதியத்துக்குள்ளேயே புளித்து வழிவதும் நமக்குப் புதிதல்ல. நுண்ணுயிர்களின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. மாவு விஷயத்தில் நமக்கு வேண்டியது புளிப்பும் உப்பலும்தான். வேகம் கொஞ்சம் கூடினால் ஆட்டிய மாவைச் சீக்கிரம் ஃப்ரிட்ஜில் எடுத்து வைப்போம், அவ்வளவுதான். பீரில் ருசியின் பெரும்பகுதியை ஈஸ்ட் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதே தீர்மானிக்கிறது.

பீரின் தொடக்கம் வோர்ட் எனப்படும் இனிப்பான மால்ட் சாறு. முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவைத்தது. அதில் ஈஸ்டைப் போட்டால் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். இந்த மாற்றத்தில் வெப்பம் வெளிப்படும்.

எவ்வளவு வெப்பம்? ஒரு கணக்குப் போடலாம்.

1. 20 லிட்டர் வோர்ட், தொடக்க அடர்த்தி 1.048 (தண்ணீர் 1 என்றால்). அறைச் சூட்டை ஒட்டி நொதிக்கும் ஏல் வகை பீருக்கான சாதாரண அளவு. இதில் கரைந்திருப்பது சுமார் இரண்டரை கிலோ. அதில் ஈஸ்ட் உண்மையில் தின்பது ஏறக்குறைய 1.6 கிலோ.
2. ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் வரும். ஆக மொத்தம் 900-க்கு மேல், கிட்டத்தட்ட 930 கிலோஜூல்.
3. 20 லிட்டர் திரவத்தை ஒரு டிகிரி உயர்த்த 84 கிலோஜூல் போதும். துளி வெப்பமும் வெளியே போகாமல் பொத்தி வைத்தால் பீர் 11 டிகிரி சூடாகிவிடும்.

நிஜத்தில் பாத்திரத்தின் சுவர் வழியாக வெப்பம் கசிந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு ஏறாது. நொதிப்பு உச்சத்தில் இருக்கும்போது, சுற்றியுள்ள காற்றைவிட பீர் 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கும். தலைப்பில் உள்ள 22 இப்படி வந்ததுதான்.

இதில் ஒரு வேடிக்கை. உச்சத்தில்கூட ஈஸ்ட் வெளியிடும் வெப்பம் ஐந்து முதல் பத்து வாட்தான். படுக்கையறை இரவு விளக்கு அளவு. வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரோ ஓடும் நேரத்தில் நூறு வாட்டுக்குக் குறையாமல் வெப்பத்தை வெளியேற்றும். அதாவது ஃப்ரிட்ஜுக்குப் பலம் போதாது என்ற பிரச்சினையே இங்கே கிடையாது. பலம் மிதமிஞ்சி இருப்பதுதான் பிரச்சினை.

## சூடு ருசியில் என்ன செய்கிறது

ஈஸ்டைப் போட்ட முதல் மூன்று நாள் மிக முக்கியம். அது பெருகும் காலம். அமினோ அமிலங்களை உடைத்து, சேர்த்து, புதிய செல்களைக் கட்டும் வேலையில் பல துணைப் பொருள்கள் வெளியே சிந்துகின்றன. வேகமாகப் பெருகினால் அதிகமாகச் சிந்தும். அவற்றில் நாக்குக்குத் தெரிபவை இவை:

1. எஸ்டர்கள். பழ வாசனை தருபவை. ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழம் போல மணக்கும். எத்தில் அசிட்டேட் அளவோடு இருந்தால் பழம், மிஞ்சினால் நகப்பூச்சு நீக்கி. ஜெர்மனியின் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வேண்டும், கூடவே கிராம்பு வாசனையும் வேண்டும். பிரிட்டிஷ் ஏல்களில் கொஞ்சம் பழம் இருக்கலாம். குளிரில் நொதிக்கும் பில்ஸ்னர் பீரில் இருந்தால் தவறு.
2. ஃபியூசல் ஆல்கஹால்கள். பீரின் வழக்கமான ஆல்கஹாலான எத்தனாலைவிடக் கனமான ஆல்கஹால்கள். தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு, தின்னர் போன்ற காரம். இது ஒருமுறை வந்தால் வந்ததுதான். எத்தனை மாதம் வைத்திருந்தாலும் போகாது.
3. அசிட்டால்டிஹைடு. பச்சை ஆப்பிள் வாசனை. நொதிப்பு முடிவதற்கு முன்னரே ஈஸ்ட் உறங்கிப்போனால் தங்கிவிடும்.
4. டயாசிடைல். வெண்ணெய் வாசனை. பத்து லட்சத்தில் 0.1 பங்கு இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும்.

முதல் இரண்டும் தொடக்கச் சூட்டின் விளைவு. கடைசி இரண்டும் பெரும்பாலும் முடிவில் வந்த குளிரின் விளைவு. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

டயாசிடைல் கொஞ்சம் தந்திரமானது. ஈஸ்ட் அதை நேராகச் செய்வதில்லை. வளரும்போது அசிட்டோலாக்டேட் என்ற வாசனையற்ற முன்பொருள் செல்லுக்கு வெளியே கசிகிறது. அது பீரில் மிதந்தபடி, ஈஸ்டின் உதவியே இல்லாமல், மெதுவாக டயாசிடைலாக மாறுகிறது. பிறகு ஈஸ்ட் அதை உள்ளே இழுத்து ருசி தெரியாத பொருளாக மாற்றிவிடும். முன்பொருள் மாறுவதற்கும் சூடு வேண்டும், ஈஸ்ட் சுத்தம் செய்வதற்கும் சூடு வேண்டும். அவசரப்பட்டுக் குளிரவைத்து ஈஸ்டை அடியில் படியவிட்டால், முன்பொருள் அப்படியே பாட்டிலுக்குப் போய், மூன்று வாரம் கழித்து வெண்ணெயாக எழுந்து நிற்கும். பாட்டிலில் அடைத்த அன்று நன்றாகத்தானே இருந்தது என்ற குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு சிறு கண்ணாடிக் குவளைகளில் பீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மூடி, 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும். சூடானதை ஆறவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடுபடுத்தியதில் மட்டும் வெண்ணெய் மணத்தால் முன்பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது, ஈஸ்டுக்கு இன்னும் சில நாள் தேவை. இரண்டிலும் மணத்தால், அப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால் குளிரவைக்கலாம்.

## தலைகீழ் வளைவு

தனக்கே விட்டால் பீரின் வெப்பநிலை எப்படிப் போகும்? முதல் இரண்டு மூன்று நாளில் ஈஸ்ட் கொதித்தெழுந்து நான்கு டிகிரி ஏற்றும். நான்காம் ஐந்தாம் நாளில் சர்க்கரை தீர, வெப்பம் அடங்கி, பீர் அறையின் வெப்பநிலைக்கே இறங்கிவிடும்.

நமக்கு வேண்டியதோ நேர்மாறு. தொடக்கத்தில் தணிவு, முடிவில் கொஞ்சம் சூடு. தொடக்கத்தில் தணிந்திருந்தால் எஸ்டரும் ஃபியூசலும் அளவோடு நிற்கும். முடிவில் சூடாக இருந்தால் ஈஸ்ட் விழித்திருந்து டயாசிடைலையும் அசிட்டால்டிஹைடையும் துடைத்துவிட்டுப் போகும்.

ஃப்ரிட்ஜ் காற்றை 18-ல் நிறுத்தி வைத்தால் கிடைப்பது அந்தத் தவறான வளைவுதான்: உச்சத்தில் 22, கடைசியில் 18. எண் நிலையாக இருந்தது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். ஃப்ரிட்ஜ் வைத்தும் பீர் கெட்டது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த வளைவில்தான் மாட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு.

## பனிக்கட்டியில் தொடங்கிய கதை

குளிரும் பீரும் புதிய உறவு இல்லை. பவேரியாவில் 1553-ல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது என்று ஆணையிட்டார். கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதுதான் காரணம். குளிர்காலத்தில் காய்ச்சி, நிலவறையில் பனிக்கட்டியோடு அடைத்து, கோடையில் குடித்தார்கள். ஜெர்மன் மொழியில் லாகர்ன் என்றால் கிடங்கில் வைத்திருப்பது. லாகர் பீரின் பெயர் அங்கிருந்து வந்தது. அந்தக் குளிரில் நிலைத்த லாகர் ஈஸ்ட் உண்மையில் ஒரு கலப்பினம். ஏல் ஈஸ்டும் குளிர் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்டும் சேர்ந்து பிறந்தது. அந்தக் காட்டுப் பெற்றோரை 2011-ல் தென் அமெரிக்காவின் படகோனியாவில் அடையாளம் கண்டார்கள்.

1870-களில் கார்ல் வான் லிண்டே தன் குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் சோதித்துப் பார்த்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் மதுபான ஆலையில். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசனின் இயந்திரமும் பீர் ஆலைக்குப் போயிருக்கிறது. பாலுக்கும் காய்கறிக்கும் முன்பே இயந்திரக் குளிர் பீருக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

## கட்டுப்பாட்டுக் கருவி ஏன் வேண்டும்

வீட்டு ஃப்ரிட்ஜின் திருகியை எவ்வளவு குறைத்து வைத்தாலும் உள்ளே ஏழு எட்டு டிகிரிக்கு மேல் போகாது. அதன் வேலை சாம்பாரைக் கெடாமல் வைப்பது. ஆகவே ஃப்ரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை உச்சக் குளிரில் விட்டுவிட்டு, மின்சாரத்தையே வெளியிலிருந்து போட்டு அணைக்கும் ஒரு கருவியை நடுவில் வைக்கிறார்கள். இங்க்பேர்டு ஐடிசி-308 இதில் பரவலானது. இரண்டு சாக்கெட் இருக்கும்: ஒன்றில் ஃப்ரிட்ஜ், மற்றொன்றில் ஹீட்டர். வெளியே நீளும் ஒயரின் முனையில் உலோக ப்ரோப், அதாவது வெப்பம் அறியும் சென்சார். எஸ்டிசி-1000 விலை குறைவு, ஆனால் நேரடி மின்சார ஒயர்களை நாமே இணைக்க வேண்டும். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஃப்ரிட்ஜ் எந்த ரகம் என்பதும் முக்கியம். பழைய, கையால் திருகும் தெர்மோஸ்டாட் உள்ள ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜே இதற்கு உத்தமம். மின்னணுப் பலகையும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரும் உள்ள புது மாடல்களில் மின்சாரத்தை நடுவில் வெட்டி வெட்டிக் கொடுத்தால் சில உடனே எழுந்திருக்காது, சில தம் பழைய அமைப்பை மறந்துவிடும். காயலான் கடைக்குப் போகவேண்டிய ஃப்ரிட்ஜுக்கு இங்கே நல்ல எதிர்காலம் இருக்கிறது.

சுவரில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சுவருக்குள் குளிர்பதன வாயுக் குழாய் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பல ஃப்ரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் வாயு. ஒயர் மெல்லியது, கதவின் ரப்பர் பட்டையை ஒட்டியே உள்ளே விட்டுவிடலாம்.

## ப்ரோபை எங்கே வைப்பது

முழு விஷயத்தின் மையம் இதுதான். கருவிக்குத் தெரிந்த ஒரே உலகம் ப்ரோபின் முனை. அது எதைத் தொடுகிறதோ அதைத்தான் 18-ல் வைத்திருக்கும்.

காற்றில் தொங்கவிட்டால். ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் காற்றின் எடை கால் கிலோகூடத் தேறாது. அதை ஒரு டிகிரி மாற்றத் தேவைப்படும் வெப்பம், 20 லிட்டர் பீரை ஒரு டிகிரி மாற்றத் தேவைப்படுவதில் முந்நூறில், நானூறில் ஒரு பங்குதான். கம்ப்ரஸர் ஓடியதும் காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், வேலை முடிந்தது என்று கருவி அணைத்துவிடும். பத்து நிமிடத்தில் காற்று மறுபடி சூடாகும், மறுபடி போடும். கம்ப்ரஸர் நாள் முழுக்க விட்டு விட்டு ஓடும். பீருக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு 22-ல் கொதித்துக்கொண்டிருக்கும்.

பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டினால். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. இடம், திரவ மட்டத்துக்குக் கீழே, பாத்திரத்தின் நடு உயரத்தில். மேலே நுரை நிற்கும் வெற்றிடத்தில் ஒட்டினால் பயனில்லை. ப்ரோப் முனை சுவரோடு முழுக்கப் படியவேண்டும், அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த ஸ்பாஞ்சையோ நான்காக மடித்த குமிழ் உறையையோ வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் இல்லாமல் வெறும் டேப் மட்டும் போட்டால் ப்ரோபின் ஒரு பக்கம் பீர், மறுபக்கம் காற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்ச் சரியாக இருந்தால் பீரின் உள் வெப்பநிலைக்கு அரை டிகிரி வித்தியாசத்துக்குள் வந்துவிடும். முக்கியமாக, நொதிப்பு மும்முரமாக இருக்கும்போது எழும் குமிழ்களே பீரைக் கலக்கிக்கொண்டிருப்பதால், சுவரோரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

பீருக்குள்ளேயே இறக்கினால். மூடியில் ஓட்டை போட்டு, அடிமூடிய எஃகுக் குழாயைச் செருகி, அதற்குள் ப்ரோபை விடுவது. இதுதான் துல்லியம் என்று நினைப்போம். உண்மைதான், ஆனால் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. பீரின் நடுப்பகுதி குளிர்வதற்குள் ஃப்ரிட்ஜ் நெடுநேரம் ஓடிவிடும். கம்ப்ரஸர் நின்ற பிறகும் உள்ளே இருக்கும் குளிர்த் தகடு உறைநிலைக்குக் கீழேயே இருக்கும், அது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே போகும். 18-ல் நிறுத்தச் சொன்னால் 17-க்கோ 16.5-க்கோ போய் நிற்கும். ஹீட்டரும் மாட்டியிருந்தால் அது உடனே எழுந்து சூடாக்கும், பிறகு ஃப்ரிட்ஜ் எழும். பீர் நடுவில், இரண்டு பக்கமும் கயிறு இழுப்பு.

ப்ரோபையே நம்பலாமா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது நனையும் அளவுக்குத் தண்ணீர். இரண்டு நிமிடம் கலக்கிவிட்டு ப்ரோபை நடுவில் வைத்தால் 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் கருவியிலேயே அந்த அளவைக் கழித்துத் திருத்தலாம்.

## கருவியில் என்ன எண்களைப் போடுவது

ஐடிசி-308 போன்றவற்றில் நான்கு எண்கள்தான் முக்கியம்.

1. இலக்கு வெப்பநிலை. உதாரணம் 18.
2. குளிரூட்டும் இடைவெளி. 0.5 என்று வைத்தால் 18.5-ல் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கி 18.0-ல் நிற்கும். பக்கவாட்டில் ஒட்டிய ப்ரோபுக்கு 0.5 சரி. காற்றில் தொங்கும் ப்ரோபுக்கு இரண்டு மூன்று டிகிரியாவது வைக்காவிட்டால் கம்ப்ரஸர் செத்துவிடும்.
3. சூடாக்கும் இடைவெளி. இதைக் குளிரூட்டும் இடைவெளியைவிடப் பெரியதாக, 1.0 என்று வையுங்கள். ஃப்ரிட்ஜ் நின்ற பிறகு பீர் தானாக இறங்கும் அந்த அரை டிகிரிக்கு ஹீட்டர் பதறாமல் இருக்க வேண்டும்.
4. கம்ப்ரஸர் தாமதம். ஐந்து நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். ஓடி நின்ற கம்ப்ரஸரின் ஒரு பக்கம் அழுத்தம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். சமமாவதற்குள் மறுபடி ஓடச் சொன்னால் மோட்டார் சுழல முடியாமல் திணறி, சூடாகி, பாதுகாப்பு ரிலே வெட்டிவிடும். அடிக்கடி நடந்தால் கம்ப்ரஸரே போய்விடும்.

ஹீட்டருக்கு 25 முதல் 40 வாட் போதும். பாத்திரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை, அல்லது பாம்பு, பல்லி வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் பாய். 25 வாட் ஹீட்டர் 20 லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த மெத்தனம்தான் நமக்கு வேண்டும். குண்டு பல்பைப் பயன்படுத்தாதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து கந்தக வாடை தரும். பச்சை பாட்டில் பீர்களில் சில சமயம் அடிக்கும் அதே வாடை.

## ஒரு ஏல் எப்படி நடக்கும்

சுத்தமான ருசியுள்ள அமெரிக்கப் பாணி ஏல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் வோர்ட்டை 17-க்குக் குளிரவைத்த பிறகே ஈஸ்டைப் போட வேண்டும். அலுப்பில் 27-ல் போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும் என்று படுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். ஃப்ரிட்ஜுக்கு 20 லிட்டரைப் பத்து டிகிரி இறக்க ஒரு இரவு ஆகும். அதற்குள் ஈஸ்ட் விழித்து, சூட்டிலேயே பெருகத் தொடங்கியிருக்கும். பிறகு திடீரென்று குளிர்ந்தால் துவண்டும் போகும். இரண்டு பக்கமும் நஷ்டம். வோர்ட்டை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஈஸ்டைப் போடுவது எவ்வளவோ மேல். பாத்திரம் சுத்தமாக இருந்தால் ஒரு இரவில் ஒன்றும் ஆகாது.

முதல் மூன்று நாள் இலக்கு 18. நுரை மட்டம் இறங்கத் தொடங்கியதும், பெரும்பாலும் நான்காம் நாள், நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 21 வரை ஏற்றுங்கள். இந்த நேரத்தில் ஈஸ்டுக்குச் சொந்த வெப்பம் குறைந்துவிட்டதால் ஹீட்டருக்கு இப்போதுதான் உண்மையில் வேலை. 21-ல் அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நின்றால் நொதிப்பு முடிந்தது. மேலே சொன்ன வெந்நீர்ச் சோதனையையும் செய்துவிட்டுக் குளிரவைக்கலாம்.

ஈஸ்ட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை வரம்பு பீருக்கானது, அறைக்கானது இல்லை.

லாகருக்கும் இதே வளைவுதான், கொஞ்சம் கீழே. பத்து பன்னிரண்டில் தொடங்கி, சர்க்கரையில் முக்கால்வாசி தீர்ந்ததும் 16, 18 வரை ஏற்றி இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, பிறகு உறைநிலைக்கு அருகே வாரக்கணக்கில் ஓய்வு. குளிரில் ஈஸ்ட் மந்தமாக வேலை செய்வதால் இரட்டிப்பு ஈஸ்ட் தேவைப்படும். ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபானிலிருந்து வந்த 34/70 என்ற ரகம் சற்றுக் கூடுதல் சூட்டையும் பொறுத்துக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது. முதல் லாகருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

## குளிரவைக்கும்போது நடக்கும் இரண்டு குழப்பங்கள்

நொதிப்பு முடிந்ததும் ஒன்றிரண்டு டிகிரிக்கு இறக்கினால் ஈஸ்டும் புரதமும் அடியில் படிந்து பீர் தெளியும். சரி, இறக்கியாகிவிட்டது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத மூடியின் தண்ணீர் அடைப்பானில், தண்ணீரைக் காணோம்.

எங்கே போனது? பீருக்குள். குளிர்ந்ததும் பாத்திரத்தின் மேல் வெற்றிடத்தில் இருந்த வாயு சுருங்கியது. கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த பீரில் இன்னும் அதிகமாகக் கரைந்தது. உள்ளே அழுத்தம் குறைய, ஏர்லாக் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, பின்னாலேயே வெளிக்காற்றையும் இழுத்தது. தண்ணீரைவிடக் காற்றுதான் கெடுதல். ஆக்சிஜன் பட்ட பீர் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கும். நொதிப்பு மும்முரமாக இருக்கும்போதே ஏர்லாக் வாயில் ஒரு சுத்தமான பலூனைக் கட்டி வாயுவைச் சேமித்து வைத்தால், குளிரும்போது பீர் தன் வாயுவையே திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது குழப்பம் பாட்டிலில் அடைக்கும்போது. நுரைக்காக எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது என்று கணக்கிடும் கருவிகள் பீரின் வெப்பநிலையைக் கேட்கும். இப்போது 2 டிகிரி, 2 என்றே போடுவோம் என்று தோன்றும். தவறு. கருவி அறிய விரும்புவது, பீரில் ஏற்கனவே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு தங்கியிருக்கிறது என்பதை. 21-ல் இருந்தபோது வெளியேறிய வாயு, குளிர்ந்ததால் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஆகவே நொதிப்பு முடிந்த பிறகு பீர் எட்டிய அதிகபட்ச வெப்பநிலையைத்தான், அதாவது 21-ஐத்தான், கொடுக்க வேண்டும். 2 என்று கொடுத்தால், உள்ளே வாயு இரட்டிப்பாக இருப்பதாக நினைத்து, கருவி குறைந்த சர்க்கரையைச் சொல்லும். பீர் சப்பென்று இருக்கும்.

வாயு என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்த 1.6 கிலோ சர்க்கரை முழுவதும் நொதித்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 400 லிட்டருக்குக் குறையாது. ஃப்ரிட்ஜின் கொள்ளளவையே மிஞ்சும் அளவு. கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தால் மூக்கில் சுள்ளென்று அடிப்பது அதுதான். காற்றோட்டமில்லாத சின்ன அறையிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ இந்த ஃப்ரிட்ஜை வைக்கக்கூடாது. மேலே திறக்கும் ஃப்ரீசரைப் பயன்படுத்தினால் இன்னும் கவனம் வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பெட்டிக்குள்ளேயே தேங்கும். அந்த வகை ஃப்ரீசருக்கு வேறு குறையும் உண்டு. 25 கிலோ பாத்திரத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்க முதுகு ஒத்துழைக்க வேண்டும்.

## ஃப்ரிட்ஜே இல்லாமல் முடியாதா

பழைய வழி, தண்ணீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, மின்விசிறி வைப்பது. மண்பானைத் தத்துவம்தான். உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்றிப் போட்டால் இன்னும் இறங்கும். வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சிங்கப்பூர் போன்ற ஈரப்பதமான ஊரில் துணியிலிருந்து ஆவியாதல் மந்தம், பாட்டில் மாற்றுவதே முழுநேர வேலையாகிவிடும்.

இன்னொரு வழி ஈஸ்டையே மாற்றுவது. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை 35, 40 டிகிரியிலும் தின்னர் வாடை இல்லாமல் நொதிக்கும். வோஸ் பகுதியிலிருந்து வந்த ரகம் ஆரஞ்சுத் தோல் போன்ற வாசனை தரும். அறை 30-ல் இருக்கும் ஊரில், ஈஸ்டின் சொந்தச் சூடும் சேர்ந்து 34 ஆனால், மற்ற ஈஸ்டுக்கு அது நாசம், இதற்கு அது வசதி. இரண்டு மூன்று நாளில் வேலையும் முடிந்துவிடும். ஆனால் க்வைக் வாங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் அதை ஃப்ரிட்ஜில் 18-ல் வைத்துவிட்டு, ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கழற்றவேண்டியது ஃப்ரிட்ஜின் பிளக்கை. ஹீட்டர் மட்டும் இருந்தால் போதும்.